வேறு கணினிக்கு மாற்றிய ஹார்டு டிஸ்க் ஏன் பூட் ஆவதில்லை?

ஒரு லேப்டாப்பின் மதர்போர்டு செயலிழந்துபோனால், உள்ளே இருக்கும் ஹார்டு டிஸ்க்கையோ எஸ்எஸ்டியையோ கழற்றி, கைவசம் இருக்கும் இன்னொரு கணினியில் மாட்டிப் பார்க்கலாம் என்பதுதான் பெரும்பாலோருக்கு முதலில் தோன்றும் யோசனை. விண்டோஸும் மென்பொருள்களும் கோப்புகளும் அந்த வட்டில்தானே இருக்கின்றன என்ற எண்ணம் இயல்பானது. சில சமயம் எல்லாம் பழையபடியே கிடைத்தும் விடுகிறது. பல சமயம் கறுப்புத் திரையில் ‘நோ பூட்டபிள் டிவைஸ்’ என்ற ஒற்றை வரி வந்து நிற்கிறது. அல்லது விண்டோஸ் சின்னம் தோன்றி, அதன் கீழே புள்ளிகள் சில நொடிகள் சுழன்று, நீலத் திரையில் போய் முடிகிறது. வட்டு கெட்டுவிட்டது என்று அங்கேயே முடிவுகட்டி ஃபார்மேட் செய்துவிடுகிறவர்கள் உண்டு. அது பெரும்பாலும் அவசர முடிவு. வட்டில் எந்தப் பழுதும் இல்லாமலேயே அது புதிய இடத்தில் பூட் ஆகாமல் போவதற்குத் தெளிவான காரணங்கள் இருக்கின்றன. பூட் ஆவதற்குத் தேவையான தகவல் முழுவதும் வட்டில் இருப்பதில்லை. அதில் ஒரு பகுதி பழைய மதர்போர்டிலேயே தங்கிவிடுகிறது.

எதையும் சரிசெய்ய இறங்கும் முன், நமக்கு வேண்டியது அந்த வட்டிலுள்ள கோப்புகளா, அல்லது அந்த விண்டோஸே மறுபடி ஓட வேண்டுமா என்பதைத் தீர்மானித்துக்கொள்ள வேண்டும். படங்களும் ஆவணங்களும் கணக்குகளும் மட்டும் போதும் என்றால், அது பூட் ஆக வேண்டிய தேவையே இல்லை. நன்றாக ஓடிக்கொண்டிருக்கும் ஒரு கணினியில் இரண்டாவது வட்டாகவோ, யூஎஸ்பி கேசிங் என்ற வெளிப்பெட்டியில் வைத்தோ இணைத்து, வேண்டியதை நகலெடுத்துக்கொள்ளலாம். பயனரின் கோப்புறையைத் திறக்கும்போது அனுமதி இல்லை என்று செய்தி வந்தால், ‘கன்டினியூ’ பொத்தானை அழுத்தி நிர்வாகி உரிமையோடு உள்ளே போகலாம். வட்டு குறியாக்கம் (என்கிரிப்ஷன்) செய்யப்படாத நிலையில், பழைய பயனரின் கடவுச்சொல்கூடத் தேவைப்படாது. விண்டோஸே வேண்டும் என்கிறவர்களும் இந்த நகலெடுப்பை முடித்த பிறகே பழுதுபார்ப்பில் இறங்க வேண்டும் என்று அழுத்திச் சொல்வேன். பூட் பகுதியைச் சரிசெய்யும் கட்டளைகளில் ஒரு வட்டின் எண் மாறிப்போனால், போவது நல்ல வட்டின் தரவாக இருக்கும்.

இப்படி இணைக்கும்போது விண்டோஸ் இரண்டு கேள்விகளைக் கேட்கக்கூடும். ஒன்று, இந்த டிரைவைப் பயன்படுத்த வேண்டுமானால் ஃபார்மேட் செய்ய வேண்டும் என்பது; மற்றது, டிஸ்க் மேனேஜ்மென்ட்டைத் திறந்தவுடன் வரும் ‘இனிஷியலைஸ் டிஸ்க்’ என்ற பெட்டி. இரண்டுக்கும் ‘கேன்சல்’ என்பதைத் தவிர வேறு பதில் கூடாது. வட்டின் அமைப்பைத் தன்னால் படிக்க முடியவில்லை என்பதைத்தான் விண்டோஸ் அப்படிக் கேட்கிறது; உள்ளே தரவு இல்லை என்று அதற்குப் பொருள் இல்லை. லினக்ஸ் இயங்குதளத்தின் பார்ட்டிஷன்களுக்கும் (வட்டைப் பிரித்த தனித்தனிப் பகுதிகளுக்கும்) இதே கேள்வி வரும். பெரிய கொள்ளளவு வட்டுகளுக்கான சில யூஎஸ்பி கேசிங்குகள், 512 பைட்டு செக்டார்களை (வட்டு தரவை எழுதும் சிறு பிரிவுகளை) 4096 பைட்டு செக்டார்களாக மாற்றிக் காட்டுபவை; அத்தகைய கேசிங்கில் பார்ட்டிஷன் பிரிக்கப்பட்ட வட்டை வெளியே எடுத்து நேரடியாக மதர்போர்டின் சாட்டா (வட்டு இணைப்பு) கேபிளில் மாட்டினால், முகவரிக் கணக்கே மாறி, வட்டு காலியாக இருப்பதுபோல் தெரியும். மீண்டும் அதே கேசிங்கில் போட்டால் எல்லாம் திரும்ப வந்துவிடும்.

அடுத்து, வட்டு உண்மையிலேயே நலமாக இருக்கிறதா என்பதைப் பார்க்க வேண்டும். புதிய கணினியின் பயாஸ் (மதர்போர்டிலேயே இருக்கும் தொடக்க மென்பொருள்) திரையில் வட்டின் மாடல் பெயர் தெரிகிறதா என்பது முதல் சோதனை. பெயரே தெரியவில்லை என்றால் விண்டோஸைக் குறைசொல்லிப் பயனில்லை. கேபிள், மின் இணைப்பு, ஸ்லாட் ஆகியவற்றைத்தான் பார்க்க வேண்டும். எம்.2 எஸ்எஸ்டிகளில் இந்தக் குழப்பம் அதிகம். பார்வைக்கு ஒரே அளவில், ஒரே வடிவில் இருக்கும் இரண்டு எஸ்எஸ்டிகளில் ஒன்று சாட்டா வகையாகவும் மற்றது என்விஎம்இ என்ற வேறு இணைப்பு வகையாகவும் இருக்கலாம். ஒன்றை மட்டுமே ஏற்கும் ஸ்லாட்டில் மற்றதை மாட்டினால், அது கச்சிதமாகப் பொருந்தியும் அடையாளம் காணப்படாமல் கிடக்கும். சுழலும் வட்டு ‘டக் டக்’ என்று ஒரே சீராகத் தட்டினால் உடனே மின்சாரத்தை நிறுத்திவிட வேண்டும். பெயர் தெரிந்து, சத்தமும் இல்லை என்றால், கிரிஸ்டல் டிஸ்க் இன்ஃபோ போன்ற மென்பொருளில் ஸ்மார்ட் அறிக்கையை (வட்டு தன் நலம் பற்றித் தானே பதிந்துவைக்கும் குறிப்பை) பார்க்கலாம். மாற்றி ஒதுக்கப்பட்ட செக்டார்களைக் காட்டும் 5ஆம் எண்ணும், படிக்க முடியாமல் காத்திருக்கும் செக்டார்களைக் காட்டும் 197ஆம் எண்ணும் ஏறிக்கொண்டே போனால் வட்டு நோயுற்றிருக்கிறது. டிடிரெஸ்க்யூ போன்ற கருவியால் முழு வட்டையும் வேறொன்றுக்குப் படியெடுத்துவிட்டு, அந்தப் படியில்தான் மற்ற வேலைகளைச் செய்ய வேண்டும். 199ஆம் எண் மட்டும் ஏறினால் குற்றம் பெரும்பாலும் கேபிளில் இருக்கும்.

வட்டு நலமாக இருந்தும் பூட் ஆகவில்லை என்றால், முதலில் சந்தேகிக்க வேண்டியது பழைய பயாஸ் முறைக்கும் புதிய யூஇஎஃப்ஐ முறைக்கும் உள்ள வேறுபாட்டை. பழைய முறையில் கணினி, வட்டின் முதல் செக்டாரில் உள்ள 512 பைட்டுகளை நினைவகத்தில் ஏற்றி அப்படியே ஓட்டிவிடும். அந்த 512இல் 446 பைட்டுகள் தொடக்க நிரலுக்கு, 64 பைட்டுகள் நான்கு பார்ட்டிஷன்களின் அட்டவணைக்கு, கடைசி இரண்டு பைட்டுகள் இது பூட் செய்யத்தக்கது என்ற அடையாளத்துக்கு. எம்பிஆர் எனப்படும் இந்த ஏற்பாடு 1983இல் பிசி டாஸ் 2.0 உடன் வந்தது. யூஇஎஃப்ஐ முறை அந்த முதல் செக்டார் நிரலை ஓட்டுவதில்லை. அது வட்டில் உள்ள ஃபேட்32 வகைச் சிறு பார்ட்டிஷன் ஒன்றைத் திறந்து, அதிலிருக்கும் பூட் கோப்பைப் பெயர் சொல்லி எடுத்து ஓட்டுகிறது. ஆகவே எம்பிஆர் முறையில் விண்டோஸ் 7 நிறுவப்பட்ட ஒரு வட்டை, யூஇஎஃப்ஐ மட்டுமே உள்ள புதிய லேப்டாப்பில் மாட்டினால், அதில் பூட் செய்ய எதுவுமே இல்லை என்றுதான் அந்தக் கணினிக்குத் தோன்றும்.

சில ஆண்டுகளுக்கு முன்வரை இதற்கு எளிய தீர்வு இருந்தது: பயாஸ் அமைப்பில் ‘சிஎஸ்எம்’ அல்லது ‘லெகஸி’ என்பதை இயக்கினால், யூஇஎஃப்ஐ கணினியே பழைய முறையில் நடந்துகொள்ளும். 2020க்குள் அந்த வசதியைக் கைவிடப்போவதாக இன்டெல் 2017இல் அறிவித்தது. இன்றைய லேப்டாப்புகள் பலவற்றில் அது இல்லை. வட்டில் இருப்பது 64 பிட் விண்டோஸ் 10 என்றால் இன்னொரு வழி உண்டு. 2017 முதல் விண்டோஸுடனேயே வரும் ‘எம்பிஆர்2ஜிபிடி’ என்ற கருவி, தரவை அழிக்காமல் பார்ட்டிஷன் அட்டவணையை ஜிபிடி என்ற புதிய வகைக்கு மாற்றி, யூஇஎஃப்ஐக்கு வேண்டிய சிறு பார்ட்டிஷனையும் உருவாக்கிக் கொடுக்கும். அதற்கு முதன்மைப் பார்ட்டிஷன்கள் மூன்றுக்கு மேல் இருக்கக் கூடாது.

யூஇஎஃப்ஐ முறையிலிருந்து யூஇஎஃப்ஐ முறைக்கே மாற்றினாலும் ஒரு சிக்கல் உண்டு. எந்த வட்டின் எந்தக் கோப்பைத் தொடக்கத்தில் ஓட்ட வேண்டும் என்ற பட்டியல், வட்டில் அல்லாமல் மதர்போர்டின் சொந்த நினைவகத்தில் இருக்கிறது. வட்டைக் கழற்றும்போது அந்தப் பட்டியல் உடன் வருவதில்லை. புதிய கணினி, பட்டியலில் இல்லாத வட்டில் ‘ஈஎஃப்ஐ’ கோப்புறைக்குள் ‘பூட்’ என்ற கோப்புறையில் பொதுப் பெயருள்ள கோப்பு இருக்கிறதா என்று தேடிப் பார்க்கும். விண்டோஸ் பொதுவாக அந்தப் பெயரிலும் ஒரு நகலை வைத்துவிடுவதால், பெரும்பாலும் தப்பித்துவிடுகிறது. லினக்ஸ் பதிப்புகள் தம் சொந்தப் பெயரிலான கோப்புறையில் மட்டும் கோப்பை வைத்திருந்தால், அந்த வட்டு அடையாளம் காணப்படாது. ஒரு லைவ் யூஎஸ்பியிலிருந்து (நிறுவாமலேயே லினக்ஸை ஓட்டும் பென் டிரைவிலிருந்து) புதிய பதிவைச் சேர்த்துக் கொடுக்க வேண்டும்.

இதைவிட அடிக்கடி நடப்பதும், பலர் கண்ணுக்குத் தப்புவதும் வேறொன்று. இரண்டு வட்டுகள் இருந்த கணினியில் விண்டோஸை நிறுவியிருந்தால், விண்டோஸ் ஒரு வட்டிலும், அதை எழுப்பும் பூட் பார்ட்டிஷன் இன்னொரு வட்டிலும் போய் அமர்ந்திருக்கக்கூடும். பழைய ஹார்டு டிஸ்க் இருக்கும்போதே புதிய எஸ்எஸ்டி வாங்கிப் பொருத்தி, அதில் விண்டோஸ் போட்டவர்களுக்கு இது சாதாரணமாக நேரும். ஏற்கெனவே பூட் பார்ட்டிஷன் ஒன்று இருப்பதைக் கண்ட நிறுவல் நிரல், அதையே பயன்படுத்திக்கொண்டிருக்கும். அந்த எஸ்எஸ்டியை மட்டும் கழற்றி வேறு கணினியில் மாட்டினால், எழுப்ப ஆளில்லாமல் விண்டோஸ் கிடக்கும். இதை டிஸ்க் மேனேஜ்மென்ட்டில் ஒரு பார்வையில் கண்டுகொள்ளலாம். யூஇஎஃப்ஐ முறையில் நிறுவப்பட்ட ஒரு வட்டின் வரிசையில், இடது ஓரத்தில் 100 எம்பியோ 260 எம்பியோ அளவில் ‘ஈஎஃப்ஐ சிஸ்டம் பார்ட்டிஷன்’ என்று எழுதிய ஒரு சிறு கட்டம் இருக்கும். அதற்கடுத்து விண்டோஸ் உள்ள பெரிய கட்டம் வரும். பெரிய கட்டம் மட்டும் இருந்து, சிறிய கட்டம் எங்கேயும் இல்லை என்றால் காரணம் கிடைத்துவிட்டது.

இதைச் சரிசெய்ய, விண்டோஸ் நிறுவல் யூஎஸ்பியில் பூட் செய்து, முதல் திரையிலேயே ஷிஃப்ட்டையும் எஃப்10ஐயும் சேர்த்து அழுத்தினால் கட்டளைச் சாளரம் திறக்கும். ‘டிஸ்க்பார்ட்’ மூலம் பெரிய பார்ட்டிஷனைச் சற்றே சுருக்கி, கிடைக்கும் இடத்தில் ஈஎஃப்ஐ பார்ட்டிஷன் ஒன்றை உருவாக்கி ஃபேட்32 ஆக ஃபார்மேட் செய்து, டிரைவ் எழுத்து ஒன்றைக் கொடுக்க வேண்டும். பிறகு ‘பிசிடிபூட்’ கட்டளைக்கு விண்டோஸ் கோப்புறையின் இடத்தையும் இந்தப் புதிய எழுத்தையும் சொன்னால், பூட் கோப்புகள் அனைத்தையும் அது எழுதிக்கொள்ளும். இந்தச் சூழலில் டிரைவ் எழுத்துகள் வழக்கம்போல் இருக்காது. நாம் சி என்று நினைப்பது டி ஆகவோ இ ஆகவோ இருக்கலாம் என்பதால், ஒவ்வொன்றையும் பட்டியலிட்டுப் பார்த்த பிறகே கட்டளை கொடுக்க வேண்டும்.

விண்டோஸ் சின்னம்வரை வந்து நீலத் திரையில் ‘இன்னாக்சசபிள் பூட் டிவைஸ்’ என்று நின்றால், இதுவரை சொன்ன எதுவும் காரணமல்ல. பூட் கோப்புகள் கிடைத்துவிட்டன, வேலையும் செய்துவிட்டன. பழைய விண்டோஸ்களில் 7பி என்று முடியும் எண்ணோடு வந்ததும் இதே பிழைதான். இப்போதுதானே இந்த வட்டிலிருந்து இவ்வளவையும் படித்தது, அதற்குள் எப்படி வட்டை அணுக முடியாமல் போகும் என்று கேட்கத் தோன்றும். கேள்வி நியாயமானது, விடையும் சுவையானது. விண்டோஸின் மையப் பகுதியான கெர்னல் நினைவகத்தில் ஏறி முடியும்வரை, வட்டைப் படித்துக் கொடுப்பது மதர்போர்டின் பயாஸோ யூஇஎஃப்ஐயோதான். கெர்னல் பொறுப்பேற்ற அந்தக் கணத்திலிருந்து, வன்பொருளை இயக்கும் நிரலான தன் சொந்த டிரைவரைக் கொண்டு வட்டைப் படிக்க வேண்டிய கடமை விண்டோஸுக்கு வருகிறது. எந்த டிரைவரைத் தொடக்கத்திலேயே ஏற்ற வேண்டும் என்பது, அது நிறுவப்பட்ட கணினியின் வட்டுக் கட்டுப்படுத்தியைப் பொறுத்து விண்டோஸின் பதிவேட்டில் (ரெஜிஸ்ட்ரி) எழுதப்பட்டிருக்கும். புதிய கணினியின் கட்டுப்படுத்தி வேறு முறையில் இயங்கினால், விண்டோஸ் தவறான டிரைவரோடு எழுந்து, தான் குடியிருக்கும் வட்டையே காண முடியாமல் நின்றுவிடுகிறது.

விண்டோஸ் எக்ஸ்பி காலத்தில், கட்டுப்படுத்தி வட்டோடு பேசும் விதங்களான ஐடிஇ முறைக்கும் ஏஎச்சிஐ முறைக்கும் இடையே இந்த மோதல் நடந்தது. இன்று அது பெரும்பாலும் ஏஎச்சிஐ முறைக்கும், இன்டெல்லின் ரெய்டு அல்லது விஎம்டி முறைக்கும் இடையே நடக்கிறது. 11ஆம் தலைமுறை கோர் செயலிகள் முதல் விஎம்டி பல லேப்டாப்புகளில் இயக்கிய நிலையிலேயே விற்பனைக்கு வருகிறது. அதற்கான டிரைவர் இல்லாத விண்டோஸை அங்கே மாட்டினால் நீலத் திரைதான். பயாஸ் அமைப்பில் விஎம்டியை நிறுத்தியோ, சாட்டா முறையை ஏஎச்சிஐக்கு மாற்றியோ முயன்றால் பெரும்பாலும் வழி திறந்துவிடும். அப்படியும் நின்றால், சில முறை தொடர்ந்து தோற்ற பின் தானாக வரும் மீட்புத் திரையிலிருந்து சேஃப் மோடைத் தேர்ந்தெடுக்கலாம். சேஃப் மோடில் ஒரு முறை எழுந்துவிட்டால், புதிய கட்டுப்படுத்திக்கு உரிய டிரைவர் பதிவாகி, அடுத்த முறை வழக்கமாகவே பூட் ஆவதைப் பல கணினிகளில் காணலாம். அதுவும் பலிக்காவிட்டால், மீட்புச் சாளரத்திலிருந்தே ‘டிஸ்ம்’ கட்டளையால் தேவையான டிரைவரை உறங்கும் விண்டோஸுக்குள் சேர்க்க முடியும். இரவல் லேப்டாப்பில் இந்தச் சோதனையைச் செய்கிறவர்கள், பயாஸில் முதலில் இருந்த அமைப்பைப் படமெடுத்து வைத்துக்கொள்ள வேண்டும். அதை மாற்றியபடியே விட்டுவிட்டால், அந்த லேப்டாப்பின் சொந்த விண்டோஸ் இதே நீலத் திரையில் போய் நிற்கும்.

யூஎஸ்பி கேசிங்கில் போட்ட வட்டிலிருந்து விண்டோஸைப் பூட் செய்ய முயல்வதும் இதே காரணத்தால் தோற்கிறது. சாதாரணமாக நிறுவப்பட்ட விண்டோஸ், யூஎஸ்பி வழியாகத் தன் வட்டை அணுகும் விதத்தில் அமைக்கப்பட்டதல்ல. அதற்கென்றே விண்டோஸ் 8 முதல் இருந்த ‘விண்டோஸ் டு கோ’ வசதியையும் மைக்ரோசாஃப்ட் 2020இல் விண்டோஸ் 10இலிருந்து நீக்கிவிட்டது. வட்டை உள்ளே நேரடியாக மாட்டிப் பார்க்காமல், யூஎஸ்பியில் பூட் ஆகவில்லை என்பதை மட்டும் வைத்து எந்த முடிவுக்கும் வரக் கூடாது.

லினக்ஸ் இந்த விஷயத்தில் மிகவும் இலகுவானது. உபுண்டு, டெபியன் போன்றவற்றின் தொடக்கத் தொகுப்பில் பெரும்பாலான கட்டுப்படுத்திகளின் டிரைவர்கள் சேர்ந்தே இருப்பதாலும், பார்ட்டிஷன்களை யூயூஐடி என்ற தனி அடையாளத்தால் தேடுவதாலும், வட்டை எங்கே மாட்டினாலும் பெரும்பாலும் எழுந்துவிடும். ஃபெடோரா, தான் ஓடும் கணினிக்கு வேண்டிய டிரைவர்களை மட்டும் கொண்ட சிறிய தொகுப்பை உருவாக்குவதால் சிலவேளை தடுமாறும். அப்போது பூட் பட்டியலில் உள்ள ‘ரெஸ்க்யூ’ பதிவைத் தேர்ந்தெடுத்தால் போதும்.

நீலத் திரை வேறொரு வடிவிலும் வரலாம்: பிழையாக அல்லாமல், விண்டோஸின் குறியாக்க வசதியான பிட்லாக்கரின் மீட்புக் குறியீட்டைக் கேட்கும் திரையாக. குறியாக்கத்தின் திறவுகோல் பழைய மதர்போர்டின் டிபிஎம் என்ற பாதுகாப்புச் சில்லோடு பிணைக்கப்பட்டிருப்பதால், வேறு கணினியில் 48 இலக்க மீட்புக் குறியீடு இல்லாமல் அந்த வட்டு திறக்காது. இரண்டாவது வட்டாக இணைத்துக் கோப்புகளை எடுக்கும் வழியும் அடைபட்டுவிடும். தாம் பிட்லாக்கரை இயக்கவே இல்லை என்று பலர் சொல்வார்கள்; அது உண்மையாகவே இருக்கும். மைக்ரோசாஃப்ட் கணக்கில் நுழைந்தவுடன் பல லேப்டாப்புகளில் குறியாக்கம் தானாகத் தொடங்கிவிடுகிறது. 2024இல் வந்த விண்டோஸ் 11இன் 24எச்2 பதிப்பு இதை மேலும் பல கணினிகளுக்கு விரிவாக்கியது. அப்படித் தொடங்கியிருந்தால், மீட்புக் குறியீடு அதே மைக்ரோசாஃப்ட் கணக்கில் சேமிக்கப்பட்டிருக்கும். வேறு கணினியிலோ செல்பேசியிலோ அந்தக் கணக்கைத் திறந்து, திரையில் காட்டும் அடையாள எண்ணோடு ஒப்பிட்டு எடுத்துக்கொள்ளலாம். குறியீடு எங்கேயும் இல்லை என்றால் எந்தக் கடைக்காரராலும் திறக்க முடியாது. திறந்து தருவதாகச் சொல்லி முன்பணம் கேட்பவரை நம்ப வேண்டாம்.

உறக்க நிலையில் விடப்பட்ட வட்டும் தொல்லை தரும். விண்டோஸ் 8 முதல், ‘ஷட் டவுன்’ அழுத்தினாலும் ஃபாஸ்ட் ஸ்டார்ட்டப் வசதியால் கெர்னலின் நிலை வட்டில் சேமிக்கப்படுகிறது. அடுத்த முறை அதை அப்படியே மீட்டெடுக்க முயலும்போது, எதிரே இருப்பது வேறு கணினியாக இருந்தால் முயற்சி தோற்கலாம். பழைய கணினி இன்னும் ஓடுகிறது என்றால், ஷிஃப்ட் விசையை அழுத்தியபடி ஷட் டவுன் செய்துவிட்டுக் கழற்றுவது நல்லது.

வட்டைப் படியெடுத்தவர்கள் இன்னொன்றையும் அறிந்திருக்க வேண்டும். எம்பிஆர் வட்டு ஒவ்வொன்றுக்கும் நான்கு பைட்டு கையொப்பம் உண்டு. பூட் பதிவு தன் வட்டை அதைக் கொண்டுதான் அடையாளம் காண்கிறது. மூலத்தையும் படியையும் ஒரே நேரத்தில் இணைத்தால், ஒரே கையொப்பத்தோடு இரண்டு வட்டுகள் இருப்பதைக் கண்டு விண்டோஸ் ஒன்றை ஆஃப்லைனில் வைக்கும். அதை நாம் ஆன்லைனுக்குக் கொண்டுவந்தால், அதன் கையொப்பத்தை மாற்றிவிடும். அந்த வட்டு பிறகு தனியே பூட் ஆகாது. பூட் பதிவை மறுபடி எழுதியாக வேண்டும்.

விண்டோஸ் 7 வட்டுகளுக்கு மேலும் ஒரு தடை உண்டு. 2015இல் வந்த இன்டெல் ஸ்கைலேக் தலைமுறைச் சிப்செட்களில் பழைய யூஎஸ்பி 2.0 கட்டுப்படுத்தி நீக்கப்பட்டது. விண்டோஸ் 7இல் யூஎஸ்பி 3.0க்கான டிரைவர் உள்ளமைந்ததாக இல்லை. ஆகவே வட்டு நல்லபடியாகப் பூட் ஆகி உள்நுழைவுத் திரை வந்த பின்னும், யூஎஸ்பி விசைப்பலகையும் மவுஸும் உயிரற்றுக் கிடக்கும். பிஎஸ்2 துளை உள்ள டெஸ்க்டாப்பில் பழைய விசைப்பலகை ஒன்றைச் செருகி டிரைவரை நிறுவலாம். லேப்டாப்பில் அவ்வளவு சிரமப்படுவதைவிட, கோப்புகளை எடுத்துக்கொண்டு புதிதாக நிறுவுவதே மேல் என்பது என் கருத்து.

எல்லாத் தடைகளையும் தாண்டிப் பூட் ஆன விண்டோஸ் 10உம் 11உம், முதல் முறை எழும்போது புதிய வன்பொருளுக்கான டிரைவர்களைத் தாமே தேடிப் பொருத்திக்கொள்ளும். அதன்பின் எஞ்சுவது உரிமம். லேப்டாப்போடு வரும் ஓஇஎம் உரிமம் பழைய மதர்போர்டுக்கே உரியது. வட்டோடு அது நகராது. தனியே வாங்கிய ரீட்டெயில் உரிமத்தை மாற்றிக்கொள்ளலாம். புதிய கணினியில் முன்பே அதே ஹோம் பதிப்போ அதே ப்ரோ பதிப்போ ஆக்டிவேட் ஆகியிருந்தால், இணையத்தில் இணைந்தவுடன் அந்த மதர்போர்டின் டிஜிட்டல் உரிமத்தையே இந்த விண்டோஸும் எடுத்துக்கொள்ளும்.